கட்டுரை நோட்டும் பிழைதிருத்தியும்: ஒரு தமிழாசிரியையின் செய்முறை

ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தமிழ் எடுக்கிறவர்களிடம் கட்டுரை நோட்டுக் கட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எந்த நோட்டைத் திறந்தாலும் அதே ‘வயலுக்கு போனேன்’, அதே ‘எடுத்துகொண்டு’, அதே ‘தன்னீர்’. சிவப்பு மையில் ஒற்றுப் போட்டுப் போட்டு நிமிரும்போது, பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று படித்துப் பார்க்கத் தெம்பு இருக்காது. அந்த ஒற்றுத் தேடும் வேலையைக் கணினியில் ஓடுகிற பிழைதிருத்தியிடம் தள்ளிவிடலாம் என்பது என் கட்சி. தேடிக் காட்டுவது வரைக்கும்தான் அதற்கு வேலை. எதைப் பிள்ளையிடம் சொல்வது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது என்பது நம் கையிலேயே இருக்கட்டும்.

நான் வேலை பார்ப்பது நீடாமங்கலம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில். ஹைடெக் லேப் என்கிற கணினி அறை உண்டு. நெட் வந்தால் வரும், போனால் போகும். கீழே சொல்வதெல்லாம் அந்த வசதிக்குள் நடக்கிற காரியங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. நீச்சல்காரன் உருவாக்கிய வாணியும் நாவியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாணி எழுத்துப்பிழை பார்க்கும், நாவி சந்திப்பிழை, அதாவது சொற்கள் சேரும் இடத்து ஒற்றுப் பிழை, பார்க்கும். பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் உருவாக்கிய மென்தமிழ் என்ற சொல்லாளர் (வேர்ட் பிராசசர்) மென்பொருளிலும் இரண்டும் உண்டு, அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். லாங்குவேஜ்டூல் திறமூலக் கருவி. அதில் ஆங்கிலத்துக்கு இருக்கிற விதிகளோடு பார்த்தால் தமிழுக்கு இருப்பவை கொஞ்சம்தான். ஆனாலும் லிப்ரேஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளோடு சேர்த்து நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். ஆங்கில ஆசிரியர்கள் சொல்கிற கிராமர்லி அளவுக்குத் தமிழில் எதிர்பார்க்காதீர்கள். ஆங்கிலத்தில் இந்த வேலை 1980களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் கணினிக்காக எழுதிய ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச் என்ற நடை பார்க்கும் மென்பொருளை 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கல்லூரி வகுப்புகளில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாய்க்கால் என்ற ஒரு சொல் வாய்க்காலில், வாய்க்காலிலிருந்து, வாய்க்கால்களுக்கெல்லாம் என்று நீண்டுகொண்டே போகும். அத்தனை வடிவத்தையும் அகராதியில் அடுக்கி வைக்க முடியாது. வேர்ச்சொல்லையும் விகுதிகளையும் விதி போட்டுச் சேர்த்துத்தான் கருவி பார்க்கிறது. சில நேரம் சரியான சொல்லுக்கும் பிழை என்று சிவப்புக் கோடு விழுவது அதனால்தான்.

தட்டச்சு

நோட்டில் இருப்பதைத் திரைக்குக் கொண்டுபோகிற இடத்தில்தான் பல பேருக்கு இந்த முயற்சி வீணாகிறது. முழுக் கட்டுரையையும் தட்டச் சொல்லாதீர்கள், ஒரு பத்தி போதும். எழுதிய பிள்ளையே தட்ட வேண்டும். நோட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, தட்டும்போது தப்பென்று தெரிந்தாலும் கைவைக்காமல்.

செல்போனில் தட்டச் சொன்னால் காரியம் கெட்டது. பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்கள். ஏறக்குறைய அடித்தாலே போன் ‘தண்ணீர்’ என்று சரியான சொல்லை எடுத்து நீட்டிவிடும். றன்னகரமா டண்ணகரமா என்று பிள்ளை யோசித்திருக்கவே மாட்டாது. குரலில் சொல்லித் தட்டுவது இன்னும் மோசம். ‘வாளப்பளம்’ என்று சொன்னாலும் பெரும்பாலும் வாழைப்பழம் என்றே திரையில் விழும். அப்புறம் அந்தப் பத்தியைப் பிழைதிருத்தியில் போட்டால், ஒரு பிழையும் இல்லை என்று வரும். நோட்டிலோ பிழை அப்படியே இருக்கும்.

அதனால் சொல் பரிந்துரையையும் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிட்டு, தமிழ் எழுத்தே உள்ள விசைப்பலகையில் அடிக்கச் சொல்லுங்கள். லேபில் என்றால் தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும். ஒரு ககரம் மட்டும் தட்டினால் வாய்கால், வாய்காலாகவே நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான். முதல் இரண்டு வகுப்பு எழுத்து தேடுவதிலேயே போகும், போகட்டும்.

இன்னொன்று. பாமினி, வானவில் ஔவையார் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததைப் பிழைதிருத்தியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் விழும். யூனிகோடில் அடியுங்கள். பழைய கோப்பாக இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. வினாத்தாள் தட்டுகிறவர்கள்தான் இன்னும் ஏற்றபாடில்லை.

கோடு விழுந்த பிறகு

பல பிள்ளைகளின் நோட்டிலிருந்து கோத்து நானே அமைத்த மாதிரிப் பத்தி இது. வகுப்பில் முதல் நாள் இதைத்தான் திரையில் போடுவேன்:

“சூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். செய்தி கேட்டதும் அப்பா மன்வெட்டியை எடுத்துகொண்டு வயலுக்கு போனார். வாய்காலில் தண்ணீர் வரவில்லை. பெரியப்பா, ‘மூணாறு தலைப்புல தொறந்தாத்தான் நமக்கு வரும்’ என்றார். பிறகு சேடை ஓட்டி உளவு முடித்தோம். நடவு ஆனதும் அம்மாவும் அத்தையும் கலை எடுக்க போனார்கள். மாடுகள் கறையில் மேய்ந்தது.”

முதலில் எழுத்துப்பிழைக் கருவியில் போடுங்கள். மன்வெட்டி, எடுத்துகொண்டு, வாய்காலில் ஆகியவற்றில் கோடு விழ வேண்டும். சேடையிலும் பெரியப்பாவின் பேச்சிலும் விழக்கூடும். பிறகு சந்திக் கருவியில் போட்டால் ‘வயலுக்கு போனார்’, ‘எடுக்க போனார்கள்’ ஆகிய இடங்களைக் காட்டும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எழுத்துப்பிழையோடு இருக்கிற சொல்லைச் சந்திக் கருவியால் அடையாளம் காண முடியாமல் போகலாம்.

இப்போது அவசரப்பட்டு ‘அனைத்தையும் மாற்று’ கொடுத்துவிடாதீர்கள். கோடு விழுந்த சொற்களைப் பிள்ளைகளையே வைத்து மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மன்வெட்டி, வாய்கால், எடுத்துகொண்டு போன்றவை உண்மைப் பிழை. சேடை, தாளடி, நாற்றங்கால், டி.பி.சி. (நெல் கொள்முதல் நிலையம்), ஊர்ப்பெயர், குலதெய்வத்தின் பெயர் ஆகியவை கருவிக்குத் தெரியாத சொற்கள். ‘தலைப்புல’, ‘தொறந்தாத்தான்’ என்பவை ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் எழுதியவை, அவற்றைத் தொடக் கூடாது.

இந்தப் பிரிக்கிற வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. “அம்மா, செவப்புக் கோடு விழுந்தா தப்புதானே?” என்று ஒருவனாவது கேட்பான். “சேடைன்னா என்னன்னு அதுக்குத் தெரியாது தம்பி. உனக்குத் தெரியும்ல, சொல்லு.” நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டி உழுது சேறாக்குவது என்று அவன் சொல்வான். உழாத வீட்டுப் பிள்ளைகளும் காது கொடுத்துக் கேட்கும். மூணாறு தலைப்பு என்றதும் கேரளத்து மூணாறு என்று நினைக்கிற பிள்ளைகூட உண்டு. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம் நம் நீடாமங்கலம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதைச் சொல்ல அது நல்ல சாக்கு. கருவி ‘மூன்றாறு’ என்று மாற்றச் சொன்னாலும் ஊர்ப்பெயரில் கைவைக்க விடாதீர்கள்.

கருவிக்குத் தெரியாத சொற்களை வீணாக்க வேண்டாம். லிப்ரேஆபிஸில் அந்தச் சொல்மேல் வலச்சொடுக்குப் போட்டு அகராதியில் சேர்த்துவிடலாம். அடுத்த முறை கோடு விழாது. சேர்ப்பதற்கு முன் எழுத்து சரிதானா என்று வகுப்பு முடிவு செய்ய வேண்டும். அண்டை வெட்டுவது, கருக்காய், போரடி, நெல் தரிசில் உளுந்து தெளிப்பது என்று வீட்டில் தாத்தாவிடம் கேட்டு எழுதி வருவார்கள். தப்பான சொல்லைச் சேர்த்துவிட்டால் கருவி அதைச் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும், அதனால் சேர்க்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

கோடு விழாத இடம்

மாதிரிப் பத்தியை மறுபடி பாருங்கள். ‘உளவு முடித்தோம்’ என்பதில் கோடு இல்லை. உளவு என்பதும் தமிழ்ச் சொல்தானே. அப்பா வயலில் உழவு ஓட்டினாரா, எதிரி நாட்டில் உளவு பார்த்தாரா என்பது கருவிக்குத் தெரியாது. ‘கலை எடுக்க’ என்பதும், ‘கறையில்’ என்பதும் அப்படித்தான் தப்பிவிடும். ஏரி, ஏறி, அரை, அறை, விலை, விளை, பொரி, பொறி என்று இந்தப் பட்டியல் நீளம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லகர, ளகர, ழகரம் மூன்றும் வாயில் ஒன்றாகவே வருவதால், கருவி கண்டுகொள்ளாத பிழைகள்தான் நோட்டில் அதிகம். ‘மாடுகள் மேய்ந்தது’ மாதிரியான ஒருமை பன்மைக் குழப்பத்தையும் கருவியை நம்பி விட்டுவிடாதீர்கள். சில வாக்கியத்தில் பிடிக்கும், பல வாக்கியத்தில் விட்டுவிடும்.

ஆகவே கருவியை ஓட்டி முடித்ததும் பத்தியை ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வையுங்கள். படிப்பது எழுதியவர் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படிக்கட்டும். “உங்கப்பா யாரை உளவு பாத்தாரு?” என்று சிரிப்பு வந்ததும் அந்தப் பிள்ளை ழகரத்தை மறக்காது.

சந்தியில் வேறு விதமான சிக்கல். கருவி சொல்கிற எல்லா ஒற்றும் வேண்டியதாக இருக்காது. ‘கீரைக் கடை’ என்றால் கீரை விற்கிற கடை. ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிறோம். இரண்டில் எது வேண்டும் என்பதை முன்பின் வாக்கியம்தான் சொல்லும். ‘செடி கொடி’ உம்மைத்தொகை, ஒற்று மிகாது. ‘நாற்று பறித்தார்கள்’ என்பதா ‘நாற்றுப் பறித்தார்கள்’ என்பதா? இரண்டாம் வேற்றுமைத் தொகை, மிகாது என்று ஒரு கட்சி. வன்தொடர்க் குற்றியலுகரம், மிகும் என்று ஒரு கட்சி. எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இது தீரவில்லை. இந்த மாதிரி இடங்களில் பிள்ளைக்குப் பிழை போடுவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சந்திக் கருவி ஒற்று விடுபட்ட இடத்தையே திரும்பத் திரும்பக் காட்டுவதால், பிள்ளைகளுக்கு ஒற்றுப் போட்டால் பத்திரம் என்ற எண்ணம் வந்துவிடும். அப்புறம் ‘வந்தப் பையன்’, ‘செய்துக் கொண்டு’, ‘நடந்துச் சென்றான்’ என்று எல்லா இடத்திலும் வல்லெழுத்து முளைக்கும். பத்திரிகையில் எழுதுகிற பெரியவர்களே ‘செய்துக்கொண்டு’ எழுதுகிற காலம் இது. அதனால் ‘வயலுக்குப் போனார்’ என்பதைக் கற்றுக்கொடுக்கிற அதே வகுப்பில் ‘வந்த பையன்’, ‘செய்து கொண்டு’ இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எடுத்து என்பது வன்தொடர், அதனால் ‘எடுத்துக்கொண்டு’. செய்து என்பது இடைத்தொடர், வந்து என்பது மென்தொடர், அவற்றுக்கு மிகாது. விதியின் பெயர் மறந்தாலும் பரவாயில்லை. ‘து’வுக்கு முன்னால் ‘த்’ இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

பிள்ளையிடம் எதைச் சொல்வது

கோடு போட்ட தாளை அப்படியே அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். முழுக்கச் சிவந்த தாளைப் பார்த்த பிள்ளை மடித்துப் பையில் வைத்துவிடும், அவ்வளவுதான். இதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இலக்கணப் பிழையைத் திருத்திக் கொடுப்பதால் பயனில்லை, கெடுதல்தான் என்று 1996-ல் ஜான் ட்ரஸ்காட் எழுதினார். 1999-ல் டானா ஃபெரிஸ் அதை மறுத்து, எந்தப் பிழையை எப்படித் தேர்ந்தெடுத்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றார். தாய்மொழி வகுப்புக்கும் இந்த விவாதம் பொருந்தும் என்றே நினைக்கிறேன். நான் ஃபெரிஸ் பக்கம்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு வகைப் பிழை. அவ்வளவுதான் என் விதி. கருவி காட்டியதைப் பார்த்து, எது அதிகம் வந்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைக்கு ‘கு’வுக்குப் பின் ஒற்று, அந்தப் பிள்ளைக்கு ணகர னகரம், இன்னொன்றுக்கு ஒருமை பன்மை. அதை நோட்டின் முன்னட்டை உள்பக்கத்தில் எழுதிவிட வேண்டும். அது தீரும்வரை மற்ற கோடுகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருங்கள். தமிழாசிரியருக்கு இது கஷ்டம்தான். கை துறுதுறுக்கும்.

சரியான விடையையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும், எந்தச் சொல் என்று பிள்ளை தேடட்டும். மாதிரிப் பத்திக்கு நான் எழுதுகிற குறிப்பு இந்த அளவுதான் இருக்கும்:

“பெரியப்பா பேசுவது காதில் கேட்கிற மாதிரி இருக்கிறது. தண்ணீர் வரவில்லை என்று அப்பா திரும்பி வந்தாரே, அன்று வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்? நாலு வரி எழுது. புள்ளி வைத்த இரண்டு வரிகளிலும் ‘போனார்’, ‘போனார்கள்’ என்பவற்றுக்கு முன்னால் உள்ள சொல்லைப் பார்.”

குறிப்பில் விஷயம் முதலில், பிழை பிறகு. நோட்டுக் கட்டில் மிச்சமான நேரத்தை இந்த முதல் இரண்டு வாக்கியத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பிழைதிருத்தி எதற்கு? பிள்ளை எழுதி வருகிற அடுத்த படியை மறுபடி கருவியில் போட்டு, முன்பு பார்த்த அந்த ஒரு வகை குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புதிதாக எழுதிய நாலு வரியில் வேறு பிழை வந்திருந்தால் அது நல்ல சகுனம், துணிந்து எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.

கோட்டின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் மறு வாரமே ‘காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். பள்ளி வந்தேன்.’ என்று பிழையே இல்லாத கட்டுரை வரும். சேடையும் வராது, பெரியப்பாவும் வரமாட்டார்.

சாட்ஜிபிடி மாதிரியானவற்றில் போட்டால் என்ன என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பத்தியையே மாற்றி எழுதித் தந்துவிடும். பெரியப்பாவின் பேச்சையும் ‘மூணாறு தலைப்பில் நீர் திறக்கப்பட்டால் மட்டுமே’ என்று ஆக்கிவிடும். பிள்ளைக்கு எங்கே தப்பு என்றும் தெரியாது, எது தன்னுடையது என்றும் தெரியாது. ஆசிரியர் தனக்குப் பயிற்சிவாக்கியம் தயாரிக்க வைத்துக்கொள்ளலாம், பிள்ளையின் பத்தி அதற்குள் போக வேண்டாம்.

எதைக் கருவியில் போடக் கூடாது

பிள்ளைகள் கட்டுரையில் எல்லாவற்றையும் எழுதும். நகைக்கடனை எழுதும், அப்பா குடித்துவிட்டு வந்ததை எழுதும், அக்கா கல்யாணம் நின்றதை எழுதும். இணையத்தில் உள்ள எந்தக் கருவியில் ஒட்டினாலும் அந்த எழுத்து நம் கணினியை விட்டு வெளியே போகிறது. பெயர், வகுப்பு, ஊர், போன் எண் எதுவும் சேர்த்து ஒட்டாதீர்கள். வீட்டுச் சங்கதி உள்ள பத்தியை லேபுக்கே கொண்டுபோக வேண்டாம். கணினியில் நிறுவிய லாங்குவேஜ்டூலில் ஆசிரியர் மட்டும் பார்க்கலாம், அல்லது பழையபடி பேனா. அந்த மாதிரிக் கட்டுரைக்கு ஒற்று முக்கியமும் இல்லை. பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேசுவதுதான் முதல் வேலை.

பத்தாம் வகுப்புக்கு மட்டும்

பொதுத்தேர்வில் கருவி கிடையாது. அதனால் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் லேபை நிறுத்திவிட்டுப் பென்சிலுக்கு வந்துவிடுங்கள். முன்னட்டையில் எழுதிய அந்த ஒரு வகைப் பிழையை மட்டும் தேடும் பழக்கம் இப்போது கைகொடுக்கும். ‘கு’ பிள்ளை விடைத்தாளைப் புரட்டி ‘கு’வில் முடிகிற சொற்களுக்கு அடுத்த எழுத்தை மட்டும் பார்க்கும். ணகர பிள்ளை தண்ணீர், மண், கண் என்று தனக்குத் தகராறான சொற்களை மட்டும் பார்க்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் விடைத்தாள் முழுவதையும் எல்லாப் பிழைக்கும் படிக்க யாராலும் முடியாது, ஒரு வகைக்குப் படித்துவிடலாம். திருப்புதல் தேர்வுகளில் இதைப் பழக்குங்கள். திருத்தும்போது அந்த வகைப் பிழையை மட்டும் எண்ணி, முன்னட்டையில் காலாண்டுத் தேர்வில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.